கடைசி நிமிடத்தை எழுதியவர்

எதிரில் இருப்பவர் பதில் பேசக்கூடும் என்றால் வாயடைத்துப் போவதும், அவரால் பேசவே முடியாது என்று தெரிந்தால் மடை திறந்ததுபோல் கொட்டுவதும் சில பேருடைய சுபாவம். பல்லு மாமா அந்த ரகம். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பொய்ப்பல் செய்துகொண்டிருந்த மனிதர். அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது. அதற்கு முன் அவரை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. கூப்பிட்டிருந்தாலும் மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

முன்னறையில் மீன் தொட்டி, குளிர்சாதனம், அட்டை கிழிந்த பத்திரிகைகள் என்று ஒரு நாகரிகம் இருந்தது. பின்னறையில் இருந்ததெல்லாம் பிளாஸ்டர் பொடி. அடிக்கடி அடைத்துக்கொள்ளும் தொட்டி, பல்லைத் தேய்க்கும் மோட்டார், மெழுகு உருக்கும் சிறு அடுப்பு, சுவர் நெடுகத் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகத் தாடைகள். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அந்த அலமாரியில் இருந்தது, சிரித்தவர்கள் இல்லாமல். மாமாவுக்கு முகம் நினைவில் நிற்காது. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று முழிப்பார். விசாரித்தவர் லேசாகச் சிரித்துவிட்டால் போதும், ‘அட, கீழ் வரிசை, இடது பக்கம்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முகம் மலர்வார்.

பிள்ளைகள் அவரிடம் வந்து சேர்ந்தது மருத்துவரின் கோழைத்தனத்தால். ஹாக்கி ஆடும் பிள்ளைகள் பல்லுக்கு மவுத்கார்டு மாட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய வாயில் அச்சு எடுக்க வேண்டும். இளஞ்சிவப்பாக ஒரு பசையைக் குழைத்து, லாடம்போல் வளைந்த தட்டில் நிரப்பி, மேல் வரிசையில் அழுத்திப் பிடித்தால், அது உறையும்வரை பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, இது என்ன ருசி என்று நாக்கை நீட்டிப் பார்க்கக் கூடாது. நடக்கிற காரியமா? ஒரு பெண் மருத்துவரின் விரலை நறுக்கென்று கடித்துவைத்தாள். அன்றோடு, இனி ஹாக்கிப் பிள்ளைகள் எல்லாரும் நேரே பின்னறைக்குப் போகட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

முதலில் வந்தவள் விரலைக் கடித்த அதே பெண்தான். முன்பற்கள் இரண்டு விழுந்து, புதியவை இன்னும் எட்டிப் பார்க்காத வயது. அணியில் அவளுக்குச் சன்னல் என்று பெயர். வேலை, கோல் கீப்பர். பசை வாய்க்குள் போனதும் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, கால் உதைக்க ஆரம்பித்தது. மாமாவுக்குப் பிள்ளைகளோடு பழக்கமில்லை, பெரியவர்களோடும் பழக்கமில்லை. வேறு வழி தெரியாமல் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். ஓட்டை சாக்ஸ் போட்ட ஒரு ஹாக்கி அணி. படுமோசமான அணி. எடுத்த எடுப்பிலேயே ஒரு கோல் வாங்குகிறது. உதைத்த கால் நின்றது. இன்னொரு கோல் வாங்குகிறது. கண் விரிந்தது. பசை இன்னும் இளகியே இருந்ததால் அணியை ஜெயிக்க விட முடியவில்லை. ஜெயித்தால் இவள் சிரித்துவிடுவாள், அச்சு பாழாகிவிடும். ஆகவே மழை வந்தது, மட்டை உடைந்தது, தலைவிக்கு விக்கல் எடுத்தது. தட்டின் ஓரத்தில் பிதுங்கிய பசையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கெட்டிப்பட்டுவிட்டது என்று தெரிந்த கணத்தில்தான் மடமடவென்று மூன்று கோலை உள்ளே தள்ளிவிட்டுத் தட்டை வெளியே எடுத்தார்.

பின்னால் அவர் புத்தகங்களைப் பற்றி எழுதியவர்கள், சிறுவர் மனத்தின் பதற்றத்தைக் கடைசி வரிவரை தக்கவைக்கும் அபூர்வ உத்தி என்றெல்லாம் பாராட்டினார்கள். அது பசை உறைகிற வேகம், வேறொன்றுமில்லை.

புத்தகமான விதம் இன்னும் விசித்திரம். அச்சு கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா பதிப்பாளர். சைக்கிள் கடை மாடியில் ஒரே அறையை வைத்துக்கொண்டு குழந்தைப் புத்தகம் போடுகிறவர். மவுத்கார்டு கைக்கு வந்த பிறகும் இன்னொரு தடவை அச்சு எடுக்க வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கவே, சந்தேகப்பட்டுக் கூடவே வந்தார். அவரைக் கண்டதும் மாமா மோட்டாருக்குப் பின்னால் ஒதுங்கினார். கதை எங்கே, என்ன கதை, யார் சொன்னது என்று தடுமாறினார். பதிப்பாளர் கெட்டிக்காரர். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, என் வாயிலும் அதை வையுங்கள் என்றார். பசை உறைவதற்குள் மாமா ஒரு புத்தகம் சொல்லிவிட்டார், பதிப்பாளர் தலையசைத்துச் சம்மதித்தும் விட்டார்.

இப்படியாக ‘ஓட்டை சாக்ஸ் அணி’ வரிசையில் ஆறு புத்தகங்கள் வந்தன. ஆறிலும் அணி பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருக்கும். ஆறிலும் கடைசி நிமிடத்தில் ஜெயிக்கும். பிள்ளைகள் அட்டை பிய்ந்துபோகிற அளவுக்குப் படித்தார்கள்.

இத்தனைக்கும் மாமா ஒரு ஹாக்கி ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்தவரில்லை. பந்து பல்லில் பட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தொழில்முறையாகத் தெரியும். அது தெரிந்தவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா என்பது அவர் கட்சி. அதனால் முதல் புத்தகத்தில் அணித்தலைவி நடு மைதானத்தில் நின்று ஓங்கி அடித்தே கோல் போட்டாள். ஹாக்கியில் கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வளைவுக்குள்ளிருந்து அடித்தால்தான் கணக்கு. பிள்ளைகள் பெருந்தன்மையாக மன்னித்தார்கள். மச்சினி மன்னிக்கவில்லை.

மச்சினி என்றால் மனைவியின் தங்கை. சன்னல் ஆடுகிற அந்தச் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளர். சாப்பிடும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கும். அக்காள், அதாவது மாமாவின் மனைவி, கார் ஓட்டச் சொல்லித்தருகிற பள்ளியில் ஆசிரியை. பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்ததில், எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் எதையாவது அழுத்தத் தயாராக இருக்கும். மாமா எழுதியதை முதலில் படிப்பவரும் அவர்தான். கதை இழுத்தால் கால் தரையை அழுத்தும். மாமா காலைப் பார்த்துத்தான் திருத்துவார்.

முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மச்சினியின் பிள்ளைகளுக்கு அப்போது ஒரு வியாதி இருந்தது. ஒரு கோல் வாங்கிவிட்டால் அழ ஆரம்பித்துவிடுவார்கள். சன்னல் கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு விசும்புவாள். மற்றவர்கள் அவளைத் தேற்றப் போய் அங்கேயே நின்று அழுவார்கள், அந்த நேரத்தில் எதிரணி இன்னும் இரண்டை அடித்துவிட்டுப் போகும். மச்சினி ஆளுக்கொரு புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். வியாதி பறந்துவிட்டது. ஒரு கோல் விழுந்தால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். அந்த வருடம் தோற்கவேண்டிய ஆட்டங்களைக்கூடக் கடைசியில் இழுத்துப் பிடித்துவிட்டார்கள். அத்தானைப்போல் உண்டா என்று மச்சினி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த வருடம் குணமானது முற்றி வேறு வியாதியாகிவிட்டது. பிள்ளைகள் முதல் பாதியில் ஆடுவதையே நிறுத்திவிட்டார்கள். சோம்பலால் அல்ல, நம்பிக்கையால். பின்தங்கினால்தானே கதை ஆரம்பிக்கும்? ஓர் ஆட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கி இடைவேளைக்கு வந்தவர்கள், ஆரஞ்சுச் சுளைகளைப் பங்குபோட்டுக்கொண்டு கலகலவென்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து மச்சினிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சன்னல் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொல்லும்வரை.

“இன்னும் ஒண்ணு விட்டிருக்கணும் கோச். நாலாவது புக்குல மூணு விட்டதும்தான் சூடு பிடிக்கும்.”

மச்சினி முதலில் சிரித்தாள். பிறகு அந்தப் பெண் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அதற்கடுத்ததிலும். கடைசி நிமிடம் என்று ஒன்று வரத்தான் செய்தது. ஆனால் அதில் கோல் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அணி பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது. மைதானம் ஒன்று, அணிகள் பல. கடைசியில் நிற்கும் அணியைக் கலைத்து, பிள்ளைகளை மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது என்று கிளப் முடிவெடுத்தது. பாக்கி ஓர் ஆட்டம். அதில் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, தோற்காமல் இருந்தால் அணி பிழைக்கும். தோற்றால், சேர்ந்தே அழவும் சேர்ந்தே கண்சிமிட்டவும் கற்றுக்கொண்ட அந்தக் கூட்டம் ஆளுக்கொரு பக்கம் போகும்.

மச்சினி நேரே பின்னறைக்கு வந்தாள். மாமா யாருடைய கடைவாய்ப் பல்லையோ தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள்.

“அத்தான், என் டீம் தோக்கறதுக்கு நீங்கதான் காரணம்.”

“நான் கிரவுண்டு பக்கமே வந்ததில்லையேம்மா.”

“அதான் தப்பு. வந்திருந்தா கடைசி நிமிஷம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும். அந்த நேரத்துல புள்ளைங்க கோல் போட மாட்டாங்க. தண்ணி பாட்டிலத் தேடுவாங்க.”

“புத்தகத்த வாங்கிக் குடுத்தது நீதானே?”

“இருமலுக்கு மருந்து குடுத்தா முழு பாட்டிலையும் குடிச்சிடுச்சுங்க. நான் என்ன பண்றது?”

அடுத்த ஆட்டத்துக்குள் அவர் வேறு கதை எழுத வேண்டும், அதில் அணி முதல் நிமிடத்திலிருந்தே ஆட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். நீயே அவர்களிடம் சொல்லிவிடேன் என்று மாமா மெல்ல இழுத்துப் பார்த்தார். தான் சொன்னால் அது திட்டு, அவர் சொன்னால் அது கதை என்றாள் மச்சினி. பிள்ளைகள் திட்டைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், கதையைக் கேட்டுத்தான் ஆடுவார்கள். மோட்டாரை மறுபடி போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மாமா எழுத உட்கார்ந்தார். முதல் முயற்சியில் ஓட்டை சாக்ஸ் அணி முதல் பக்கத்திலேயே ஐந்து கோல் அடித்தது. மனைவி வாங்கிப் படித்தார். இரண்டாம் பக்கம் திரும்புவதற்குள் வலது கால் தரையில் அழுந்திவிட்டது.

“அஞ்சு கோல் போட்டாச்சு. அப்புறம் எதுக்குங்க மீதிப் பக்கம்? எல்லாரும் வீட்டுக்குப் போகலாமே.”

இரண்டாவது முயற்சியில் அணியைத் தோற்கடிப்பது என்று கல்நெஞ்சோடு இறங்கினார். முதல் பாதியில் மெத்தனமாக இருந்ததால் தோற்றது என்று நீதி வரவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால், கடைசி வரியில் அணி ஜெயித்திருந்தது. கை தன்பாட்டுக்குச் செய்த வேலை. அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். எதிரணியின் கோல் கீப்பருக்குத் தும்மல் வந்து, மறுபடியும் ஜெயித்துவிட்டது.

மனைவியின் பள்ளிக் காரில்தான் அவர் தினமும் வேலைக்குப் போவார். அவருக்கு ஓட்டத் தெரியாது. மனைவியின் கையில் தேறாமல் போன ஒரே மாணவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அன்று காலை வண்டியில் ஒரு பயிற்சிக்காரி ஓட்ட, பின் இருக்கையில் மாமா தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் ஒரே சீராக, கண்ணாடி பார்த்து, கை காட்டி ஓட்டினாள். அவள் இறங்கிப் போனதும் மனைவி திரும்பினார்.

“இன்னைக்கு எப்படி ஓட்டினா பாத்தீங்களா? திடீர்னு ஒரு எடத்துல பிரேக் போடச் சொல்வேன்னு சொன்னேன். எந்தத் தெருவுலன்னு சொல்லல. சொல்லியிருந்தா அந்த ஒரு தெருவுல மட்டும் ஒழுங்கா ஓட்டியிருப்பா.”

மாமா தாடையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, வண்டியை வீட்டுக்குத் திருப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது, உங்களுக்குப் பொய்ப்பல் வேலை இருக்கிறது என்றார் மனைவி. ஏழாவது கதை மெழுகு உருகிக்கொண்டிருந்த இடைவெளிகளில், பிளாஸ்டர் பொடி படிந்த தாள்களில் எழுதப்பட்டது. அதில் நடுவரின் கைக்கடிகாரம் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிடுகிறது. முள் இஷ்டத்துக்கு ஓடுகிறது, நிற்கிறது. நடுவர் ரோஷக்காரர், கடிகாரம் கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். தோன்றும்போது விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிடுவார். எது கடைசி நிமிடம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஓட்டை சாக்ஸ் அணி எல்லா நிமிடத்தையும் கடைசி நிமிடமாக வைத்துக்கொண்டு ஆடுகிறது. மனைவி படித்தார். கால் அசையவில்லை.

அச்சடிக்க நேரமில்லை. ஆட்டத்தன்று மாமாவே போய் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆயிற்று. இத்தனை வருடத்தில் அவர் கதை சொன்ன பிள்ளைகளெல்லாம் வாய் நிறையப் பசையோடு இருந்தவர்கள். இவர்கள் வாய் காலி.

உடை மாற்றும் அறையில் ஈரத் துண்டு வாசமும், பைகளும், காலுக்குக் கட்டும் காப்புகளும் குவிந்து கிடந்தன. சன்னல் பெரிய பெரிய கோல் கீப்பர் காப்புகளைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் சோபாமாதிரி உட்கார்ந்திருந்தாள். பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டதுபோல் ஓடுவதால் கோந்து என்று பெயர் வாங்கிய அணித்தலைவி அவளுக்குப் பக்கத்தில். மாமா தாளை விரித்தார். வாளி வரை வந்தார்.

“நடுவர் ரெண்டு பேர் இருப்பாங்களே மாமா,” என்றாள் கோந்து. “இன்னொருத்தர் வாட்ச் என்ன ஆச்சு?”

மாமா தாளைப் புரட்டிப் பார்த்தார். “அதுவும்... அதே வாளியில...”

“வாளி எவ்ளோ பெருசு?” என்றாள் சன்னல்.

பின்னாலிருந்து ஒருத்தி, ஃபோனில் மணி பார்க்கலாமே என்றாள். இன்னொருத்தி, தன் அப்பாவின் கடிகாரம் தண்ணீருக்குள்ளும் ஓடும் என்று ஆரம்பித்தாள். அந்தக் கடிகாரத்தின் விலை பற்றி ஒரு விவாதம் கிளம்பியது. மாமா தாளை மடிக்கப் போனார். ஓரமாக நின்ற மச்சினி ஒரே ஒரு தடவை விசில் ஊதினாள்.

“எல்லாரும் மவுத்கார்ட மாட்டுங்க.”

மாட்டினார்கள். உதடுகள் உப்பின, அறை அமைதியானது. எதிரே வரிசையாக அவர் கையால் செய்த பல்லுறைகள். மாமாவுக்கு உயிர் வந்தது. தாளைக்கூடப் பார்க்கவில்லை, கடிகார முள் நடுங்குவதையும், நடுவர் திருட்டுமுழி முழிப்பதையும், விசில் எந்த நொடியும் வரலாம் என்று பிள்ளைகள் பறப்பதையும் அவர் சொன்ன வேகத்தில் சன்னலின் காப்பு தானாக ஆடியது. கதை ஓட்டத்தின் நடுவில், பந்து காற்றில் இருக்கும்போது, விசிலோடு சட்டென்று முடிந்தது. பிள்ளைகள் மேலே சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவ்வளவுதான் என்றார். கோந்து மவுத்கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மச்சினியிடம் போனாள்.

“கோச், இன்னைக்கு நடுவர் வாட்ச் ஓடுதா?”

“எனக்கு எப்படித் தெரியும்,” என்றாள் மச்சினி. “நான் போய்க் கேக்கல.”

மாமா முதல்முறையாக ஒரு மைதானத்தின் ஓரத்தில், மனைவிக்கும் மச்சினிக்கும் நடுவில், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பல்லைக் காப்பாற்றத்தான். விசில் ஊதியது. அதன் பிறகு நடந்ததை மச்சினியாலேயே நம்ப முடியவில்லை. பிள்ளைகள் தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமான் எடுப்பவர்கள்போல் ஆடினார்கள். ஓடும்போதே நடுவரின் மணிக்கட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். நடுவர் ஒரு தடவை தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். முதல் கோல் விழுந்தது. கொண்டாடாமல் நடுக்கோட்டுக்கு ஓடினார்கள், நேரமில்லையாம். இரண்டாவது, மூன்றாவது. இடைவேளை வந்தபோது பலகையில் மூன்றுக்குப் பூஜ்யம்.

மாமா கைக்குட்டையை எடுத்துவிட்டு, முடிந்ததா என்று கேட்டார். பாதி முடிந்தது என்றாள் மச்சினி. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. மைதானத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று கோல் வாங்கிய எதிரணி ஆரஞ்சுச் சுளைகளைப் பங்குபோட்டுக்கொண்டு கலகலவென்று பேசிக்கொண்டிருந்தது. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“அத்தான்,” என்றாள் மச்சினி மெதுவாக. “அந்தப் புள்ளைங்களுக்கு மவுத்கார்டு யார் செஞ்சது?”

எதிரணியில் ஒரு சிறுமி இந்தப் பக்கம் திரும்பிப் பளிச்சென்று சிரித்துக் கையாட்டினாள். மேல் வரிசை, இரண்டாவது பல் கோணல். மாமா கைக்குட்டையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் மச்சினியின் பிள்ளைகளுக்குக் கால் நடக்கவில்லை. ஒரு பாதி முழுவதையும் கடைசி நிமிடமாக ஆடினால் அடுத்த பாதிக்கு என்ன மிச்சமிருக்கும் என்று ஏழாவது கதையில் எழுதப்படவில்லை. எதிரணியோ ஆறு புத்தகத்தையும் கரைத்துக் குடித்த அணி. பின்தங்கியிருப்பதைவிட உற்சாகம் தரும் விஷயம் அதற்கு உலகத்தில் இல்லை. அந்தக் கோணல் பல் சிறுமி ஒரு கோல் அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றுக்கு இரண்டு. கோந்து இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினாள். சன்னல் கோலுக்குள் நின்று, ஓடுங்கடி, நிக்காதீங்கடி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கிழக்கோடி வரிசையில் யாரோ பெற்றோர் இதோ முடிந்துவிடும் என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

அந்த நேரத்தில் எதிரணிக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தது. சன்னலும் இன்னும் நாலு பேரும் மட்டும் கோல் கோட்டில் நிற்க, எதிரே வளைவின் விளிம்பில் ஒரு கூட்டமே ஓங்கி அடிக்கத் தயாராக வரிசை கட்டும் கொடுமை அது. மாமாவுக்கு இது தெரிந்த காட்சி. மூன்றாவது புத்தகத்தில் இப்படித்தான் ஜெயித்தார்கள், ஐந்தாவதிலும். ஒவ்வொரு தடவையும் கோலுக்குள் நின்ற எதிரணியை அவர் ஒரு வரியில் முடித்திருந்தார், அவர்களுக்கு முகம்கூட வைத்ததில்லை. இப்போது அங்கே நிற்பது சன்னல். பந்து உள்ளே போனால் ஆட்டம் சமன், அணி பிழைக்கும். ஆனால் அடுத்த நொடியில் இன்னொன்றும் விழுந்தால்? கடைசி நிமிடத்தில் ஒன்றோடு நிறுத்தும் வழக்கம் அவர் புத்தகங்களில் கிடையாது. பக்கத்தில் மனைவியின் வலது கால் மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது. மச்சினி விசிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பந்தைத் தள்ளினார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் மரக்கட்டையில் எதுவோ மோதிய சத்தம், ஒரு ‘ஐயோ’, நிறைய கால்கள், விசில். பிறகு ஒரே இரைச்சல். எந்தப் பக்கத்து இரைச்சல் என்று புரியவில்லை. ஆறு கடைசி நிமிடங்களை எழுதியவர், கண்ணெதிரே வந்த ஒன்றைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

கண்ணைத் திறந்தபோது மச்சினி மைதானத்தின் நடுவில் இருந்தாள், அவள் மேல் பத்துப் பதினைந்து கைகள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று மாமா கேட்டார். சரியாக அந்த நேரத்தில் ஒருத்தர் எழுந்து நின்று மறைத்துவிட்டார் என்றார் மனைவி.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். இடது காலால் உதைத்துத் தள்ளியது தான்தான் என்றாள் சன்னல். அவளா, அவள் மல்லாந்து விழுந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோட்டில் மட்டையை வைத்துத் தடுத்தது தான் என்றாள் கோந்து. இரண்டும் இல்லை, பந்து கம்பத்தில் பட்டது, கம்பத்துக்குத்தான் மாலை போட வேண்டும் என்றாள் மூன்றாவது ஒருத்தி. மச்சினி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“எதுல பட்டா என்ன? உள்ள போகல அத்தான். அவ்ளோதான்.”

அணி பிழைத்தது. அதைச் சொல்லி முடித்ததும் மச்சினிக்குக் குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க, வியர்வையோடு நிற்காதே, போய்த் துண்டு போர்த்திக்கொள் என்று சன்னலைத் திட்டினாள். சன்னல் போகவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோணல் பல் வந்தாள். மட்டையைத் தரையில் ஊன்றி மாமாவுக்கு நேரே நின்றாள். கண் சிவந்திருந்தது.

“மாமா, நாங்கதானே பின்னாடி இருந்தோம்? அப்போ கடைசி நிமிஷத்துல நாங்கதானே ஜெயிச்சிருக்கணும்?”

சுற்றிலும் நின்றவர்கள் அடங்கினார்கள். அந்தப் பெண்ணின் வாயில் எதுவும் இல்லை. பதில் வந்தால் மேலே கேட்கத் தயாராக இருந்தாள். மாமா மனைவியைப் பார்த்தார். மச்சினியைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வருவதாகத் தெரியவில்லை.

“நான் கண்ண மூடிட்டேன்மா,” என்றார். “எனக்குத் தெரியாது. நீ சொல்லு, என்ன நடந்துச்சு?”

கோணல் பல் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மட்டையைக் கீழே போட்டுவிட்டு பெஞ்சில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, முதல் பாதியிலிருந்து ஆரம்பித்தாள். தாங்கள் மூன்று கோல் வாங்கியது வேண்டுமென்றேதான் என்றாள். சன்னல் காப்போடு அவர்கள் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இது பொய், மூன்றாவதை அவர்களால் தடுக்கவே முடியவில்லை என்றாள். மாமா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.